யந்திரம் அமர்ந்த இடம்

திண்டுக்கல் என்றவுடன் பூட்டையும் சுருட்டையும் தோல் ஷாப்புகளையும் பேசத் தொடங்குகிறவர்கள், ஹைதர் அலி இங்கே பௌஜ்தாராக இருந்து மலைக்கோட்டையைப் பலப்படுத்திய சரித்திரத்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் ஊரின் பெருமை பூர்த்தியாகிவிட்டதென்று கருதுவது வழக்கம். ஆயினும், மதுரை, திருச்சி, கரூர், பழநி, வத்தலக்குண்டு, நத்தம் ஆகிய ஆறு திக்குகளிலிருந்தும் வரும் சாலைகள் வந்து கூடுகிற இந்நகரத்துக்கு வேறொரு சரித்திரமும் உண்டு. மோட்டார் வண்டி ஒன்றைக்கூட உற்பத்தி செய்யாத இவ்வூர், உலகத்தின் பல தேசங்களில் உருவான மோட்டார் வண்டிகளை ஒரு நூற்றாண்டு காலமாக ஓட்டியும் பழுதுபார்த்தும் பாரம் ஏற்றியும் மலையேற்றியும் பரீட்சித்து வந்திருக்கிறது. சித்திரை வெயிலில் வேடசந்தூர்ச் சமவெளியின் புழுதியைத் தாங்க வேண்டும். அதே வண்டி மறுநாள் காலையில் வத்தலக்குண்டைத் தாண்டி ஏறத்தாழ 7000 அடி உயரத்திலுள்ள கொடைக்கானலுக்கு ஏற வேண்டும். ஏறும்போது அதில் அமர்ந்திருப்பவர்களின் எண்ணிக்கை சட்டம் அனுமதித்த எண்ணிக்கையாகவே இருக்குமென்று எந்த உற்பத்தியாளனும் நம்பியிருக்கக்கூடாது. இத்தகைய பிரதேசத்தில் நின்று பார்த்தால்தான், ஒரு மோட்டார் வண்டியில் யந்திரத்தை முன்னே வைப்பதா பின்னே வைப்பதா, நெடுக்காக வைப்பதா குறுக்காக வைப்பதா, அதன் சக்தியை எந்தச் சக்கரங்களுக்குக் கொண்டுபோவது என்ற கேள்விகள் யந்திர சாஸ்திரத்தோடு மட்டும் முடிந்துவிடுவதில்லை என்பது விளங்கும்.

ஆதியில் யந்திரத்தின் ஸ்தானம் பின்புறமே. ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் 1886-இல் உரிமைப் பத்திரம் பெற்ற மூன்று சக்கர வண்டியில் யந்திரம் ஆசனத்துக்குப் பின்னே, தான் சுழற்ற வேண்டிய சக்கரங்களின் அருகிலேயே இருந்தது. சக்தி பிறக்கும் இடமும் செலவாகும் இடமும் அடுத்தடுத்து இருப்பதுதானே நியாயம் என்று தோன்றும். 1891-இல் பிரான்சு தேசத்தில் பனார் லெவஸ்ஸோர் கம்பெனியின் எமில் லெவஸ்ஸோர் இந்த நியாயத்தைத் தலைகீழாக்கி, யந்திரத்தை முன்னே நிறுத்தி, அதன் பின்னே கிளட்சையும் கியர்ப் பெட்டியையும் வரிசையாகக் கோத்து, பின்சக்கரங்களை ஓடச் செய்தார். வண்டிக்கு முன்னே மாடு பூட்டிய பழக்கத்தால் வந்த ஏற்பாடு இது என்று சிலர் விளையாட்டாகச் சொல்வதுண்டு. உண்மைக் காரணம் அதுவன்று. யந்திரம் பெரிதாகிக்கொண்டே போனபோது ஆசனத்தின் அடியில் அதற்கு இடம் போதவில்லை. முன்னால் வைத்தால் எதிர்க்காற்று நேராக வந்து நீர்க்கூண்டைக் குளிர்விக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, முன்சக்கரங்களின்மீது தக்க பாரம் விழுவதால் வண்டி திருப்பிய திக்கில் திரும்பும். ஏழாண்டுகள் கழித்து லூயி ரெனோ, பின்சக்கரங்களைச் சுழற்றிவந்த சங்கிலியை நீக்கிவிட்டு, யந்திரத்திலிருந்து பின் அச்சுக்கு நீண்ட தண்டு ஒன்றை ஓடவிட்டார். நம் பஸ்களின் அடியில் இன்றும் சுழல்வது அந்தத் தண்டின் வம்சமே.

1875-இல் திருச்சிக்கும் மதுரைக்கும் இடையே ரெயில் பாதை திறக்கப்பட்டு, திண்டுக்கல் அதில் ஒரு ஸ்டேஷனாக அமைந்த பின்னும், ரெயில் போகாத ஊர்களுக்கு மாட்டு வண்டியும் ஜட்காவுமே கதியாக இருந்தன. கொடைக்கானலுக்குப் போகும் துரைமார்கள் அம்மையநாயக்கனூரில் இறங்கி, இரவெல்லாம் மாட்டு வண்டியில் குலுங்கி மலையடிவாரம் சேர்ந்து, அங்கிருந்து டோலியிலோ குதிரையிலோ கால்நடையாகவோ ஏறினார்கள். முதல் உலகப் போரின் ஆண்டுகளில் வத்தலக்குண்டு வழியான லாஸ் காட் ரோடு மோட்டார்களுக்குத் திறக்கப்பட்டபோதுதான் இந்தப் பிரயாணத்தின் தன்மை மாறிற்று. அதற்குச் சற்று முன்னரே, 1911-இல் தம் பெயரால் ஒரு வியாபார ஸ்தாபனத்தைத் தொடங்கிய டி. வி. சுந்தரம் அய்யங்கார், 1912-இல் பஸ் போக்குவரத்தையும் ஆரம்பித்து, மதுரைச் சீமையின் சாலைகளுக்கு ஒரு புதிய ஒழுங்கைக் கொண்டுவந்திருந்தார். அக்காலத்து பஸ் என்பது, அமெரிக்க லாரியின் அடிச்சட்டத்தின்மேல் உள்ளூர்த் தச்சர்கள் மரத்தால் ஒரு கூண்டு கட்டியதே அன்றி வேறில்லை. மூக்கு நீண்டிருக்கும், மூக்கினுள் யந்திரம், அதன் பின்னே ஓட்டுகிறவர், அவருக்கும் பின்னே ஜனங்கள். ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1928-இல் பம்பாயில் வண்டிகளைப் பூட்டிச் சேர்க்கத் தொடங்கியபின், அக்கம்பெனியின் செவர்லே பெயர் கிராமங்களிலும் பழகிவிட்டது.

இந்த மூக்கு வண்டி நம் சமவெளிக்கு மிகவும் இசைந்ததாக இருந்தது என்பதே என் அபிப்பிராயம். கப்பிச் சாலையில் ஓடும் வண்டி எழுப்பும் புழுதி முழுவதும் அதன் பின்புறத்தில்தான் சுழன்று நிற்கிறது. யந்திரம் பின்னே இருந்தால் தன் சக்கரம் கிளப்பிய மண்ணைத் தானே மூச்சிழுக்க நேரிடும். முன்னே இருக்கும் யந்திரமோ தூய காற்றைக் குடிக்கிறது. தண்ணீர் கொதித்தால் மூடியைத் திறந்து ஊற்றுவதும், ஹேண்டில் போட்டுச் சுழற்றிக் கிளப்புவதும், மூக்கின் பக்கத் தகட்டைத் தூக்கிவிட்டு இருபுறமும் நின்று ரிப்பேர் செய்வதும் மரத்தடியில் நின்றே முடிகிற காரியங்கள். இதற்கு விலையாக ஒரு சங்கடமும் இல்லாமற் போகவில்லை. அமெரிக்காவில் ஃபோர்டு கம்பெனியின் பழைய டி மாடல் கார்களில் பெட்ரோல் தொட்டி ஆசனத்தின் அடியில் இருந்தது, பம்பு கிடையாது, செங்குத்தான ஏற்றத்தில் முன்னே உள்ள யந்திரம் தொட்டியைக் காட்டிலும் உயர்ந்துவிட்டால் பெட்ரோல் அதற்கு எட்டாது, ஆகவே, தொட்டியில் எண்ணெய் குறைவாக இருக்கும்போது காரைத் திருப்பி, பின்னோக்கியே மலை ஏறுவார்கள். யந்திரத்தின் ஸ்தானத்தை மாற்றுகிறவன் வண்டியில் உள்ள மற்ற யாவற்றோடும் மீண்டும் ஒருமுறை உடன்படிக்கை செய்துகொள்ள வேண்டியிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சிறிய உதாரணம் கிடையாது.

இரண்டாம் உலகப் போரில், 1942-இல் பர்மா வீழ்ந்து பெட்ரோலும் அரிசியும் ஒருங்கே அரிதானபோது, சுந்தரம் அய்யங்காரின் டி. வி. எஸ். ஸ்தாபனத்தார் கரிவாயு அடுப்புகளைத் தயாரித்து பஸ்களில் பொருத்தினார்கள். மூக்கில் யந்திரம் இருந்தபடியால் அடுப்புக்கு வண்டியின் பின்புறத்தையே தேட வேண்டியிருந்தது. அங்கே மரக்கரியை மூட்டி, காற்றாடியைக் கையால் சுழற்றி, வாயு பிறந்ததென்று நிச்சயமான பின்னரே முன்னே போய் யந்திரத்தைக் கிளப்ப வேண்டும்; பின்னே எரிகிற நெருப்பின் புகை குழாய் வழியாக வண்டியின் நீளம் முழுவதும் பிரயாணம் செய்து, வழியில் குளிர்ந்து, வடிகட்டப்பட்டு, முன்னே வந்து சேரும். பெட்ரோலில் இருந்த பலம் இதில் இல்லை; ஏற்றங்களில் ஜனங்கள் இறங்கித் தள்ளியதைப் பெரியவர்கள் சிரித்துக்கொண்டே நினைவுகூர்வார்கள்.

சுதந்திரத்துக்குப் பிந்திய காலத்தில்தான் விஷயம் சுவாரசியமாகிறது. சென்னையை அடுத்த எண்ணூரில் 1948-இல் ஆஸ்டின் கார்களைப் பூட்டிச் சேர்க்கத் தோன்றிய அசோக் மோட்டார்ஸ், இங்கிலாந்தின் லேலண்ட் கம்பெனியோடு சேர்ந்து 1955-இல் அசோக் லேலண்டாக மாறிற்று. டாட்டாவினரோ 1954-இல் டெய்ம்லர் பென்ஸோடு கைகோத்தார்கள். இவ்விருவரின் டீசல் யந்திரங்கள் வந்தபின் பெட்ரோல் பஸ்ஸின் காலம் முடிந்தது. கூடவே மூக்கின் காலமும் முடியத் தொடங்கியது. சட்டம் பஸ்ஸின் மொத்த நீளத்துக்கு ஓர் எல்லை வகுத்திருக்கிறது. அந்த நீளத்தில் மூக்கு விழுங்குகிற பாகம் இரண்டு வரிசை ஆசனங்களுக்குச் சமானம். ஆசனத்தைக் கணக்கிட்டு வருமானம் பார்க்கிற பஸ் முதலாளிக்கு அந்த இரண்டு வரிசை வருஷம் முழுவதும் கண்ணில் உறுத்திக்கொண்டே இருக்கும். ஆதலால் யந்திரம் இருந்த இடத்திலேயே இருக்க, ஓட்டுநரின் ஆசனம் முன்னே நகர்ந்து யந்திரத்தின் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. மூக்கு மறைந்து முகம் தட்டையாயிற்று. யந்திரத்தின்மேல் ஒரு பெட்டி கவிழ்க்கப்பட்டு பஸ்ஸினுள்ளேயே குடியேறிற்று. மலைப்பாதையில் இதனால் ஒரு லாபமும் விளைந்தது: கொண்டை ஊசி வளைவில் ஓட்டுநர் பள்ளத்தின் விளிம்பைத் தம் காலடியிலேயே பார்க்கிறார். நஷ்டம் அவருடைய இடது காலுக்கு. கோடையில் அந்தப் பெட்டியின் அருகே எட்டு மணி நேரம் உட்கார்ந்து வண்டி ஓட்டுவது எத்தகைய தபசு என்பதை அனுபவித்தவர்கள்தாம் சொல்ல வேண்டும். கூட்ட நேரத்தில் இடம் கிடைக்காதவர்கள் அதன்மீதே துண்டை விரித்து உட்காருவதுண்டு. நிலக்கோட்டைப் பூமூட்டையை மட்டும் அதன் பக்கத்தில் வைத்தால் மதுரை போய்ச் சேருமுன் மல்லிகை வெந்துவிடும்.

இவ்வளவு வெப்பத்தையும் இரைச்சலையும் சகித்துக்கொள்வதைவிட யந்திரத்தைப் பின்னே கொண்டுபோய்விடலாகாதா? மேல்நாட்டார் கொண்டுபோனார்கள். அசோக் லேலண்டே எழுபதுகளின் இறுதியில் பின்யந்திர பஸ் ஒன்றைச் செய்து காட்டிற்று. ஆனால் அது சாமானியச் சாலைகளில் நிலைபெறவில்லை. இதற்கு விடை எண்ணூரிலோ இங்கிலாந்திலோ இல்லை. திண்டுக்கல்லுக்கு வடக்கே இரண்டு மணி நேரப் பிரயாண தூரத்திலுள்ள கரூரில் இருக்கிறது. நம் நாட்டில் கம்பெனிக்காரன் விற்பது பஸ் அன்று, அடிச்சட்டம். யந்திரமும் சக்கரங்களும் ஸ்டீயரிங்கும் மட்டும் உடைய அந்த நிர்வாணமான சேஸை ஒரு டிரைவர், தலைக்கு மேல் கூரையும் முகத்துக்கு முன் கண்ணாடியும் இல்லாமல், தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, நூற்றுக்கணக்கான மைல் ஓட்டிவந்து கரூரின் பாடி கட்டும் பட்டறையில் நிறுத்துகிறார். அங்கே முதலாளி தம் மனம்போல ஆசனங்களின் எண்ணிக்கையும் ஜன்னலின் அகலமும் வர்ணமும் சாமி படத்தின் இடமும் சொல்லி பஸ்ஸைக் கட்டிக்கொள்கிறார். இந்த ஏற்பாட்டுக்கு முன்யந்திரமே அனுகூலமானது. யந்திரமும் நீர்க்கூண்டும் ஓட்டும் இடமும் ஒரு முனையில் ஒன்றாகத் திரண்டுவிட்டால், அதன் பின்னால் நீண்டு கிடக்கும் இரண்டு இரும்புச் சட்டங்களின்மேல் எவன் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் கட்டலாம்: பஸ்ஸும் கட்டலாம், லாரியும் கட்டலாம், தண்ணீர்த் தொட்டியும் வைக்கலாம். பின்யந்திரமோ அப்படிப்பட்டதன்று. அதற்குக் காற்று எவ்வழியே வர வேண்டும், வெப்பம் எவ்வழியே போக வேண்டும், கியர் போடும் கம்பி முழு நீளமும் எவ்வாறு ஓட வேண்டும் என்பவற்றை யந்திரம் செய்கிறவனும் உடல் கட்டுகிறவனும் ஒரே மேஜையில் உட்கார்ந்து முடிவு செய்தாக வேண்டும். எண்ணூரும் கரூரும் தனித்தனி ஊர்களாக இருக்கிற வரையில் யந்திரம் முன்னேதான் இருக்கும் என்பது ஒருவாறு விதிக்கப்பட்டுவிட்டது.

1972-இல் தமிழக அரசு பெரிய பஸ் கம்பெனிகளை எடுத்துக்கொண்டு, மதுரை வட்டாரத்துக்குப் பாண்டியன் போக்குவரத்துக் கழகத்தை நிறுவியபோதும், பின்னர் அதிலிருந்து பிரிந்து திண்டுக்கல்லைத் தலைமையிடமாகக் கொண்டு ராணி மங்கம்மாள் போக்குவரத்துக் கழகம் தோன்றியபோதும், முதலாளி மாறினாரேயன்றி யந்திரம் மாறவில்லை. ஆயிரக்கணக்கில் வாங்கிக் குவித்த உதிரிப் பாகங்களும், ஒரே மாதிரியான யந்திரத்தில் கை பழகிய மெக்கானிக்குகளும் டிப்போக்களில் இருக்கையில், சர்க்காரும் தனியாரைப் போலவே பழைய வழியில் செல்வதுதான் சுபாவம்.

கார்களின் கதை வேறு. 1953-இல் தாரிஃப் கமிஷன் அளித்த அறிக்கையை ஒட்டி, இந்நாட்டில் உற்பத்தி செய்யும் திட்டமுள்ளவர்களுக்கே அனுமதி என்று சர்க்கார் தீர்மானித்ததும், வெறுமனே பூட்டிச் சேர்த்து விற்ற அமெரிக்கக் கம்பெனிகள் கடையைக் கட்டின; மிச்சமிருந்த மூவர், கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவின் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸும், பம்பாயின் பிரீமியரும், சென்னை ஸ்டாண்டர்டும் ஆவர். ஐம்பதுகளின் இறுதியில் வெளிவந்த அம்பாஸடர், இங்கிலாந்தில் மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்று அழைக்கப்பட்ட காரே. பிரீமியர் செய்தது இத்தாலியின் ஃபியட் 1100. இவை யாவும் லெவஸ்ஸோரின் பழைய முறையைச் சேர்ந்தவை: முன்னே நெடுக்காக யந்திரம், நடுவே தண்டு, பின்னே கிரவுன் பற்சக்கரம்.

இதில் ஒரு விநோதம் உண்டு. ஹிந்துஸ்தான் கம்பெனி அம்பாஸடருக்கு முன்னர் விற்ற பேபி ஹிந்துஸ்தான், இங்கிலாந்தில் அலெக் இஸிகோனிஸ் என்பவர் சிருஷ்டித்த மாரிஸ் மைனரே. ஃபியட் 1100-ஐச் சிருஷ்டித்தவர் தாந்தே ஜியகோஸா. இந்த இருவரே பிற்பாடு உலகத்தின் சிறிய கார்களையெல்லாம் தலைகீழாக்கினார்கள். 1956-இல் சூயஸ் கால்வாய்த் தகராறினால் இங்கிலாந்தில் பெட்ரோல் பஞ்சம் ஏற்பட்டபோது, மிகச் சிறிய உருவத்தில் நால்வர் வசதியாக அமரும் காரை வேண்டிய தம் கம்பெனிக்கு, இஸிகோனிஸ் யந்திரத்தைக் குறுக்காகத் திருப்பி வைத்து, கியர்களை அதன் எண்ணெய்த் தொட்டியிலேயே அடக்கி, முன்சக்கரங்களையே ஓடவைத்து, 1959-இல் மினியைத் தந்தார். ஜியகோஸாவோ கியர்ப் பெட்டியை யந்திரத்தின் ஒரு முனையில் தனியே ஒட்டி, இரு சக்கரங்களுக்கும் சமமற்ற நீளமுள்ள தண்டுகளை விட்டு, 1964-இல் ஆட்டோபியாங்கி ப்ரிமூலாவிலும் 1969-இல் ஃபியட் 128-லும் அம்முறையைச் செம்மைப்படுத்தினார்; இன்று உலகின் சிறு கார்களில் மிகுதியானவை பின்பற்றுவது அவருடைய முறையையே. அவர்கள் இவ்வாறு புதுமை செய்துகொண்டிருந்த காலமெல்லாம், அவர்கள் விட்டுச்சென்ற பழைய வடிவங்களையே நாம் இறக்குமதித் தடையின் நிழலில் பத்திரமாகப் பாதுகாத்து வந்தோம்.

இதை வெறும் பின்தங்கலென்று ஏளனம் செய்கிறவர்களோடு நான் உடன்படவில்லை. பழநிக்கு யாத்திரை வந்த குடும்பத்தார் ஒன்பது பேர், மேலே கேரியரில் படுக்கையும் பாத்திரமும் கட்டி, ஒரே அம்பாஸடரில் ஏறிக் கொடைக்கானலையும் பார்த்துவிட வேண்டுமென்று புறப்படுவதைக் கற்பனை செய்துகொண்டால் விஷயம் விளங்கும். ஏற்றத்தில் செல்லும் வண்டியின் பாரம் பின்னோக்கிச் சாய்கிறது, பின்சக்கரங்கள் தரையை இறுகப் பற்றுகின்றன, முன்சக்கரங்கள் இலேசாகின்றன. அந்நிலையில் சக்தி பின்சக்கரங்களுக்குப் போகுமானால் பாரம் ஏற ஏறப் பிடிப்பும் ஏறுகிறது. முன்சக்கரங்களுக்குப் போகுமானால், ஈரமான வளைவில் சக்கரம் சுழன்றுகொண்டே நிற்கும். அன்றியும், யந்திரம், கிளட்ச், கியர்ப் பெட்டி, தண்டு, கிரவுன் ஆகியவை வரிசையாகத் தனித்தனியே இருப்பதால், கெட்டுப்போன ஒன்றை மட்டும் கழற்றி, மற்றவற்றைத் தொடாமல், எந்தச் சாலையோர ஒர்க்‌ஷாப்பிலும் சரிசெய்துவிடலாம்.

1983 டிசம்பர் 14-ஆம் தேதி முதல் மாருதி 800 ஒப்படைக்கப்பட்டபோது, குறுக்காக அமர்ந்த மூன்று சிலிண்டர் யந்திரமும் முன்சக்கர ஓட்டமும் நம் நாட்டின் நடுத்தரக் குடும்பத்துக்கு அறிமுகமாயின. நடுவே தண்டு ஓடாததால் காலடியில் மேடில்லை. இரும்பு குறைந்தபடியால் எடை குறைந்தது. எடை குறைந்தபடியால் எண்ணெயும் குறைந்தது. ஐந்து பேருக்கு மேல் ஏற்றாதவரையில், யந்திரத்தின் பாரமே முன்சக்கரங்களை அழுத்திப் பிடித்திருக்க, அது கொடைக்கானலுக்குச் சிரமமின்றியே ஏறிற்று. திண்டுக்கல்லின் டாக்டர்களும் வக்கீல்களும் அதை வாங்கினார்கள். டாக்ஸிக்காரர்கள் அம்பாஸடரையும், பின்னர் டாட்டா சுமோவையும் விடவில்லை. இருவரும் தத்தம் பாரத்தை அறிந்தே முடிவு செய்தார்கள்.

மூன்று சக்கர ஆட்டோ ரிக்‌ஷாவின் சரித்திரம் இதற்கு நேர் எதிரான திசையில் சென்றது. பஜாஜ் கம்பெனியின் ஆரம்ப கால ஆட்டோக்களில் யந்திரம் முன்பக்கத்தில் இருந்தது. எழுபதுகளின் பிற்பகுதியில் அது பின்னே போயிற்று. காரணம் எளிது: ஒற்றை முன்சக்கரம் திருப்புவதற்கு மட்டும் உரியது, ஜனங்களின் பாரம் பின் அச்சின்மீது, யந்திரத்தையும் அங்கேயே வைத்துவிட்டால் நீண்ட இணைப்பு எதுவும் வேண்டியதில்லை. இதே சிக்கன நியாயத்தைக் காருக்குக் கொண்டுவந்தது 2008-இல் காட்டப்பட்டு மறு வருஷம் விற்பனைக்கு வந்த டாட்டா நானோ. 624 கன சென்டிமீட்டருள்ள இரண்டு சிலிண்டர் யந்திரத்தைப் பின்னாசனத்தின் அடியில் ஒளித்து, ஒரு லட்ச ரூபாய் விலைக்கு அடங்கவைத்த சாமர்த்தியத்தை மெச்சத்தான் வேண்டும். ஆனால் பெட்டி வைக்க இடமெங்கே என்று கேட்ட குடும்பஸ்தனுக்கு அதில் திருப்தியான விடை இல்லை. 2018-இல் அது நின்றுபோயிற்று. அதே கம்பெனி 2005-இல் விட்ட ஏஸ் வண்டியோ, குட்டி யானை என்ற செல்லப் பெயரோடு ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டை ஆக்கிரமித்துக்கொண்டிருக்கிறது. யந்திரம் ஓட்டுநரின் ஆசனத்துக்கு அடியில், ஓட்டம் பின்சக்கரங்களுக்கு, தக்காளிக் கூடை எத்தனை ஏறுகிறதோ அத்தனைக்குப் பிடிப்பு.

பஸ்ஸுக்கு மீண்டும் வருவோம். 2001-இல் வோல்வோ கம்பெனி பெங்களூரை அடுத்த ஹொஸ்கோட்டேயில் பின்யந்திர பஸ்களைச் செய்யத் தொடங்கி, உடலையும் தன் மேற்பார்வையிலேயே கட்டித் தந்தபோது, கரூருக்கு அடிச்சட்டத்தை ஓட்டிச்செல்லும் மரபு முதன்முறையாக ஒரு மாற்றைச் சந்தித்தது. அவை திண்டுக்கல் பைபாஸில் நள்ளிரவில் பெங்களூர்ப் பிரயாணிகளைத் தூங்கவைத்துக்கொண்டு போகின்றன, ஊருக்குள் வருவதில்லை. சென்னையில் 2024-இல் புதிய தாழ்தளப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. அவற்றில் யந்திரம் கடைசி மூலைக்கு ஒதுக்கப்பட்டதனால், தரைக்கு அடியில் சட்டமோ தண்டோ குறுக்கிடாமல், நடைபாதையின் உயரத்துக்கே உட்தளம் இறங்கி வந்திருக்கிறது. திண்டுக்கல் பஸ் நிலையத்தில் நத்தம் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் முதியவள், ஒரு கையால் கம்பியையும் மறு கையால் கூடையையும் பிடித்துக்கொண்டு மூன்று படிகள் ஏறுவதற்குக் காரணம், யந்திரம் முன்னே இருந்து பின்சக்கரத்துக்குச் சக்தி போக வேண்டியிருப்பதும், அந்த அடிச்சட்டம் லாரிக்கும் பஸ்ஸுக்கும் பொதுவாக இருப்பதுமேயாகும். முதலாளியின் ஆசனக் கணக்கும், கரூர்ப் பட்டறையின் சௌகரியமும், டிப்போ மெக்கானிக்கின் பழக்கமும் கூடி யந்திரத்துக்கு இடம் நிர்ணயித்த அந்த நீண்ட ஆலோசனையில், அந்தப் படிகளில் ஏறுகிறவளை எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.